பதினொரு பேர் இறங்கிய குண்டுக்குழி

குழிக்குள் நாங்கள் பதினொரு பெண்கள். மேலே, விளிம்பில், தோட்டத்தை நடத்தும் தொரை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய நாய்.

நாய்தான் எங்களை முதலில் கண்டது. எட்டிப் பார்த்தது, குரைக்கவில்லை. வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு எஜமானைத் திரும்பிப் பார்த்தது. இனி உங்கள் பாடு என்று ஒதுங்கிக்கொண்டது.

தொரை தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்க வேண்டிய பதினொரு பேர், பங்களாவுக்குப் பின்னால் புதிதாக வெட்டிய குழிக்குள் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தத் தொரைக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

"என்னா இது?" என்றார்.

எங்களில் மூத்தவள் பவுனம்மாக்கா. வாயிலும் மூத்தவள். அவள்தான் பதில் சொன்னாள்.

"ஒன்னுமில்லீங்க தொரை. குண்டு விழுகுது. கொஞ்சம் இருந்துட்டுப் போயிர்றோம்."

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆண்டு கேட்காதீர்கள். போன வாரம் இந்தப் பத்தியில் கம்பளி விற்க வந்தவரைப் பற்றி எழுதும்போது ஓர் ஆண்டைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடிதத்திலேயே என்னை வறுத்தெடுத்துவிட்டார். தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். அதன் பெயரும் வேண்டாம். அந்தத் தொரையின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போதும் தொலைக்காட்சியில் யாராவது ஒரு தலைவர் அணுகுண்டைப் பற்றி மிரட்டினால் வீட்டில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். நான் மட்டும் சிரிக்கிறேன். மருமகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கருவாடு சுற்றி வந்த உலகம்

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் கவிழ்ந்து, கடைசியில் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனவள். ஆனால் எழுத்துக்கூட்டாமல் தமிழ் வாசிப்பேன். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க மலையில் உட்காரும்போது யாராவது மடியிலிருந்து ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டுவார்கள். பஜாரில் கருவாடு சுற்றிக் கொடுத்த பேப்பர். ஒரு மாதமாவது பழையதாக இருக்கும். எங்களுக்கு உலகச் செய்தி எப்போதும் கருவாட்டு வாசனையோடுதான் வந்தது.

இன்னொரு தொல்லை, எந்தச் செய்தியும் முழுசாக இருக்காது. கடைக்காரர் கிழித்த இடத்தில் கதை நின்றுவிடும். கேட்கிறவர்கள் விடுவார்களா? "அப்பறம்?" என்பார்கள். நான் என்ன செய்வேன், மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன். ஒரு சினிமா நடிகைக்கு நானே மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன். பேப்பரில் சிறையிலிருந்த ஒரு திருடனை நல்லபடியாக விடுதலை செய்திருக்கிறேன்.

அன்றைக்குக் கிடைத்த துண்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் இருந்தன. இரண்டு பேரிடமும் உள்ள குண்டுகளைப் போட்டால் இந்த உலகத்தைப் பல தடவை எரிக்கலாம் என்று எழுதியிருந்தது.

"ஒருக்கா எரிச்சா போதாதா? மிச்சத்த என்னா பண்ணுவாங்க?" என்று பவுனம்மாக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்தப் பேப்பரிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த பந்தியில், அந்த நாடுகளில் வசதி உள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி, சாப்பாட்டுச் சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு... என்று வந்து, அங்கே பேப்பர் கிழிந்துவிட்டது.

"அப்பறம்?"

"அதுக்குள்ள போயி மூணு மாசம் இருந்தா பொழைச்சுக்கலாமாம். இப்ப எல்லா நாட்டுலயும் பெரிய ஆளுங்க வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்களாம். வெளிய சொல்லாம," என்றேன்.

பேப்பரில் இல்லாதது அது. கதை கொஞ்சம் காரமாக இருக்கட்டும் என்று நான் போட்ட மிளகாய்.

 எனக்கு எதிரே ராசாத்தி அண்ணி உட்கார்ந்திருந்தாள். என் அண்ணனைக் கட்டி இரண்டு வருசம். ஏழு மாதக் கர்ப்பம், அப்போதும் கொழுந்துக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்க அண்ணன் ரெண்டு நாளா பங்களாவுக்குப் பின்னாடிதானே குழி வெட்டுறாரு."

சாட்சிகள்

அன்று சாயங்காலம் அண்ணனைப் பிடித்துக்கொண்டோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி ஆழம். எதற்கு என்று அண்ணனுக்குத் தெரியாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்து மலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, நாலு பேர் பங்களாவுக்கு என்றார், போனார்கள். வெட்டு என்றால் வெட்டுவது, மூடு என்றால் மூடுவது. ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் தோட்டத்தில் கிடையாது. அதனால்தான் காரணத்தை நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்.

அடுத்த நாள் சிமெந்து வந்தது. அதற்கு மறுநாள் மேல்மூடி போடக் கம்பி வந்தது. பிறகு நீளமாக ஒரு குழாய் வந்தது. குழியை மூடின பிறகு அந்தக் குழாய் மட்டும் வெளியே உயரமாக நிற்குமாம்.

"மூச்சு விடத்தான்," என்றாள் பவுனம்மாக்கா.

அந்தச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு கார் வந்து, பெட்டி பெட்டியாக டின் மீனையும் பிஸ்கட்டையும் பங்களாவில் இறக்கிவிட்டுப் போனது. அதோடு வழக்கு முடிந்தது. தொரை குடும்பத்தோடு பூமிக்குள் போகப்போகிறார். நாங்கள் மலையில் நின்று எரியப்போகிறோம்.

எனக்கே பயம் வந்துவிட்டது. நான் போட்ட மிளகாய் என் கண்ணிலேயே பட்டுவிட்டது. உண்மை தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்தால், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாஸ்டர் ஒருவர்தான். ராத்திரியும் பகலும் ரேடியோவைக் காதில் வைத்திருப்பார். வல்லரசுகளுக்குப் பயப்படமாட்டார், அட்டைக்குப் பயப்படுவார். அட்டை ஏறாமல் காலில் தேய்க்கக் காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சவர்க்காரத் துண்டு இருக்கும்.

அவரிடம் போய், குண்டு விழுந்தால் என்ன சேர் செய்வது என்று கேட்டேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நன்றாக யோசித்தார்.

"பிள்ளை, குண்டு விழுந்தா பயப்பிட ஒண்டுமில்லை. பயப்பிட நேரம் இராது," என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. தூரத்தில் விழுந்தால் தலைக்கு மேல் மூன்றடி மண் இருந்தால் தப்பலாம் என்று சொல்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, மூன்றடி மண்ணை மட்டும் லயத்துக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாம் இடத்துக்குப் போன கோரிக்கை

எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீரய்யா கோயில் வாசலில் கூட்டம் போட்டார். தொரைக்கு ஒரு குழி என்றால் லயத்துக்கு ஒரு குழி என்றார். கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். குழிக்குள்ளும் லயத்து வீடுகள் மாதிரி காம்பரா காம்பராவாகத் தடுப்பு வைக்க வேண்டும் என்று ஒருவர் நின்றார். மூன்று வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே குழியில் இருப்பதைவிட வெளியே நின்று சாகிறேன் என்றார் இன்னொருவர். கங்காணிமாருக்குத் தனிக்குழியா என்று ஒரு குரல் வந்தது. அதில் கூட்டம் கலைந்தது.

ஆனாலும் தலைவர் மனு எழுதிவிட்டார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு கோரிக்கைப் பட்டியல் இருந்தது. அதில் நாலு வருசமாக முதலாம் இடத்தில் இருந்தது எங்கள் லயத்துக்குக் கக்கூஸ். தலைவர் அதை வெட்டி இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, குண்டுக்குழியை முதலில் போட்டார்.

இந்த இடத்தில் நான் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும்.

எங்கள் லயத்துக் கோடியில் வெள்ளைக்காரன் காலத்துக் கக்கூஸ் நாலு இருந்தன. கதவு எப்போதோ போய்விட்டது. ஒரு மழைக்கு இரண்டு சரிந்தன, மறு மழைக்கு மிச்சமும் சரிந்தன. எழுதிப் போட்டால் கொழும்புக்குப் போயிருக்கிறது என்பார்கள். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள். பெண்கள் விடியுமுன்னே இரண்டு பேராகச் சேர்ந்து, தேயிலைக்கு நடுவே ஓடைப்பக்கம் இறங்கிப் போக வேண்டும். ஒருத்தி உட்கார்ந்தால் ஒருத்தி காவல். மழைக்காலத்தில் அட்டை. ரோட்டில் லொறி வெளிச்சம் திரும்பினால் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு பெண்கள் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள்.

ராசாத்தி அண்ணி ஹட்டன் டவுனில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா ஒரு கடையில் வேலை செய்தார். சின்ன வீடுதான், ஆனால் கதவு போட்ட கக்கூஸ் இருந்தது. கல்யாணமாகி வந்த அன்று என் காதோடு காதாக, "எங்க போகணும், சரசு?" என்று கேட்டாள். தேயிலையைக் காட்டினேன். அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வயிறு பெரிதானதும் அந்தச் சரிவில் இறங்குவது அவளுக்குச் சிரமமாகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் சறுக்கி விழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். இன்னொரு தடவை விழுந்தால் பிள்ளை தங்காது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள்.

தலைவர் பட்டியலை மாற்றிய செய்தி கேட்ட அன்று அண்ணி என்னிடம் மட்டும் சொன்னாள்.

"குண்டு என்னிக்கோ வரும். இது தெனமும் வருதே சரசு."

வெடி

பக்கத்து மலையில் ரோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடி வைக்குமுன் மூன்று தடவை விசில் ஊதுவார்கள். நாங்களும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கொழுந்தில் குனிவோம். பழகிய சத்தம்.

அன்றைக்குப் பனிமூட்டம். முன்னால் நிற்கிறவளின் முதுகுக் கூடை தெரியாது. விசில் எந்தப் பக்கம் போனதோ, எங்கள் காதுக்கு வரவில்லை. வெடி மட்டும் வந்தது. காலடி மண் அதிர்ந்தது. நாங்கள் நின்றது பங்களாவுக்கு நேர் கீழே.

"போட்டுட்டானுங்கடி," என்று பவுனம்மாக்கா ஓட ஆரம்பித்தாள். அவளை ஐம்பது வயதுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. பின்னாலேயே நாங்கள். குழி வேலை ஆட்கள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய ஏணி குழிக்குள் சாத்தியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி முதலில் என்று அண்ணியை இறக்கினோம். பிறகு ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். கடைசியாக இறங்கியவள் ஏணியையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஏணியை ஏன் இழுத்தாய் என்று நான் அப்புறம் கேட்டேன். கண்டாக்கு ஐயா இறங்கி வந்துவிடுவார் என்றாள். உலகம் அழிகிற நேரத்திலும் அவளுக்குக் கண்டாக்குப் பயம்தான் பெரிது.

கூடையைக் கவிழ்த்து அண்ணியை அதன் மேல் உட்கார வைத்தோம். நானும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். நூறு எண்ணியும் ஒன்றும் நடக்கவில்லை. தலைக்கு மேல் மண்ணே இல்லையே, வானம் அல்லவா திறந்து கிடக்கிறது, மாஸ்டர் சொன்ன மூன்றடி எங்கே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது மேலே நாயின் தலை தெரிந்தது.

குழிக்குள் ஒரு பேச்சுவார்த்தை

ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

தொரை சிங்களவர், நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் மட்டும் தமிழ் உடைந்துவிடும்.

"யார் சொன்னது குண்டு வர்றது?"

பத்துப் பேரில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் குழிச்சுவரைப் பார்த்தார்கள். அதிலிருந்தே யாருக்கும் தெரிந்துவிடும், சொன்னது நான்தான் என்று.  வேலையிலிருந்து என் பேரை வெட்டினால் அது என்னோடு போகாது. அண்ணனுக்கும் வேலை போகும், காம்பராவும் போகும். ஏழு மாதத்துக்காரியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் சொன்னேன் என்று அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குத்தான் எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குள் கண்டாக்கு ஐயாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பவுனம்மாக்கா சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். குழி, சிமெந்து, மூடி, மூச்சுக்குழாய், டின் மீன். தொரை கேட்டுக்கொண்டே வந்தார். அவர் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. கோபம் என்று நினைத்தோம். சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

"இது குண்டுக் குழி இல்ல. தொரைசானியோட அம்மா வர்றது. புது பாத்ரூம். இது கக்கூஸ் குழி," என்றார்.

குழிக்குள் இருந்த பதினொரு பேரும் தரையைப் பார்த்தோம். நல்லவேளை, புதுக் குழி.

கண்டாக்கு ஐயாவுக்கு அப்போதுதான் வீரம் வந்தது. அரை நாள் பேர் இல்லை, சம்பளமும் இல்லை, ஏறுங்கடி மேலே என்று கத்தினார். பவுனம்மாக்காவே எழுந்து ஏணியை நிமிர்த்தினாள். அவ்வளவுதான், தோட்டம் முழுக்கச் சிரிக்கப்போகிறது, கக்கூஸ் கோரிக்கை இனி மூன்றாம் இடத்துக்குக்கூட வராது என்று நினைத்தேன்.

ராசாத்தி அண்ணி மட்டும் கூடையிலிருந்து எழுந்திருக்கவில்லை. லயத்தில் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப நாங்க தப்பான குழியில எறங்கலீங்க தொரை," என்றாள். "இதத்தான் நாலு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கோம்."

தொரை விளிம்புக்கு இன்னும் ஓர் அடி கிட்ட வந்தார்.

"எங்க லயத்துக்கும் ஒன்னு வெட்டுறேன்னு சொல்லுங்க. ஏறி வாறேன்."

கண்டாக்கு ஐயா ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் பார்த்துப் பங்களாவின் பின்கதவு வழியாகத் தொரையின் மனைவி, தொரைசானி, வந்துவிட்டாள். எட்டிப் பார்த்தாள். அவள் கண் நேராக அண்ணியின் வயிற்றில் விழுந்தது.

"மாஸ கீயத?" என்று சிங்களத்தில் கேட்டாள். எத்தனை மாதம் என்கிறாள்.

"ஹதய் நோனா," ஏழு அம்மா என்று நான் சொன்னேன். அன்று அந்தக் குழிக்குள் நான் சொன்ன ஒரே உபயோகமான வார்த்தை.

கக்கூஸுக்கு எங்கே போகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டாள். நான் ஓடைச் சரிவைக் கையால் காட்டினேன். பனி விலகியிருந்தது. அந்த விளிம்பில் நின்றால் முழுச் சரிவும் தெரியும். தொரைசானி அதைப் பார்த்தாள், மறுபடி அண்ணியைப் பார்த்தாள். பிறகு தொரையிடம் இங்கிலீசில் பேசினாள். எனக்கு அதில் 'ஷேம்' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. அது ஒன்றே போதுமாக இருந்தது. தொரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கண்டாக்கு, நாளைக்கு நாலு ஆள் லயத்துக்குப் போடு. மொதல்ல அங்க. இங்க பெறகு," என்றார்.

அண்ணியை மேலே தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் தொரை.

கதவு

லயத்துக் கோடியில் குழி வெட்டினார்கள். சங்கத்தின் இடைவிடாத போராட்டத்தால் கிடைத்த வெற்றி என்று தலைவர் வீரய்யா அடுத்த கூட்டத்தில் பேசினார். நாங்களும் கைதட்டினோம், போகட்டும் என்று. லயத்தில் மட்டும் அதற்குக் கக்கூஸ் என்ற பெயர் ஒட்டவே இல்லை. குண்டுக்குழி என்றுதான் பெயர். "குண்டுக்குழிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த லயத்தில் இருக்கிறார்கள்.

குண்டு வரவில்லை. எங்களுக்குப் பிறகு வந்த பயங்கள் வேறு மாதிரி. அவை வானத்திலிருந்து வரவில்லை, தமிழர் வீடுகளைத் தேடிக்கொண்டு ரோட்டால் வந்தன. அவற்றைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

சுவர் வந்தது, தகரம் வந்தது. கதவு மட்டும் எஸ்டிமேட்டில் இல்லை என்றார்கள்.  தேயிலை இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து திரும்பும் லொறியில், கப்பலேற்றும் ஸ்டோரில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகள் விறகுக்கு வரும். அண்ணன் அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு கதவு செய்தான்.

பலகையில் கறுப்பு மையில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. வாசிக்கிறவள் நான்தானே, கூப்பிட்டார்கள். இடது பலகையில் ஒடெசா. அன்றைய ரஷ்யாக்காரர்களின் துறைமுகம், மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலது பலகையில் நியூயோர்க். இந்தத் தடவை நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"குண்டு வச்சிருக்குற ரெண்டு பேருமா?" என்று பவுனம்மாக்கா கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"இருக்கட்டும். காவலுக்கு நிக்கட்டும்."

முதலில் அண்ணிதான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நடந்து போனாள். அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து சாத்திக்கொண்டன. உள்ளே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. வெளியே நாங்கள் வரிசையாக நின்றோம்.

நேரம் போனது. அண்ணி வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பவுனம்மாக்கா பொறுக்கமாட்டாமல் பலகையில் தட்டி, அங்கேயே குடிபோய்விட்டாயா என்று கேட்டாள்.

கதவு திறந்தது. அண்ணியின் கண் சிவந்திருந்தது. வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் பதறிப்போய் என்ன அண்ணி என்றேன்.

"ஒன்னுமில்ல சரசு. கதவ சாத்திட்டு சும்மா நின்னேன்," என்றாள். "ஒருத்தரும் பாக்காம நிக்கிறது எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்து, மறுபடி உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள்.